உங்கள் புகார் தீர்க்கப்பட்டது

“பாட்டுதான சார், போன்லயே கேட்டுக்கலாமே.”

அந்த எட்டு நாளில் இதே வாக்கியத்தை நான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். புது இணைய இணைப்பு கொடுத்த லைன்மேன், பிறகு நான் போனில் கூப்பிட்டுக் கேட்டபோது சொன்னார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண் சொன்னார். கம்பெனி ஆபீசில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரும் சொன்னார். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு ரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நான்கு பேரும் சொன்னார்கள். உலகத்தில் இருக்கிற பாட்டெல்லாம் போனில் வரும் என்பது எனக்கும் தெரியும். எனக்கு உலகத்துப் பாட்டு வேண்டாம். என் மனைவி தன் இருபத்திரண்டு வயதில் டேப்பில் பிடித்துவைத்த பாட்டு வேண்டும். இதை அந்த நான்கு பேருக்கும் நின்று நிதானமாக விளக்கினேன். நான்கு பேரும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மறுபடி அதையே சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

நாங்கள் உப்பளம் என்கிற பகுதியில் இருக்கிறோம். நான் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். மில் மூடிய பிறகு ஒரு இரும்புக் கடையில் சில வருஷம் சரக்குப் பார்த்துவிட்டு, இப்போது வீட்டில் இருக்கிறேன். மனைவி அரியாங்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய்வந்து, ஒன்றாம் வகுப்புக்கே வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவள். பகல் பூராவும் பேசிவிட்டு வந்து, வீட்டிலும் பேசுவாள். நான் கேட்கிறேனா இல்லையா என்று இடையிடையே சோதித்தும் பார்ப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால், டீச்சர் டிரெயினிங் படித்தபோது, அவள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ரேடியோவில் பாட்டு வரும்போது அதைக் கேசட்டில் பிடிப்பாள். இது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் இவள் ஒரு காரியம் செய்தாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் அறிவிப்பாளரின் பேச்சை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் குரலைப் பதிந்துவைத்தாள். “நேயர்களே, இப்போது நேரம் காலை ஆறு மணி பதினைந்து நிமிடம். அடுத்து வருவது சோகப் பாடல். மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.” ஒரு கேசட்டில் அவள் அறிவித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் காக்காய் கத்துகிறது. இன்னொன்றில் அறிவிப்புக்கு நடுவில் தும்மிவிட்டு, “மன்னிக்கவும் நேயர்களே” என்று தொடர்கிறாள். அறுபது கேசட்டுக்கு மேல் இருந்தன. அவற்றை ஒரு டிரங்குப் பெட்டியில் எடுத்துக்கொண்டுதான் என் வீட்டுக்கு வந்தாள்.

வேலை ஓய்ந்த பிறகு, இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து அத்தனை கேசட்டையும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு கறுப்புப் பெட்டியை அனுப்பிவைத்தாள். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஹார்டு டிஸ்க். பாட்டெல்லாம் அதற்குள் இருக்கும். அது ரவுட்டரோடு வயரில் இணைந்திருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வைஃபை ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கினால், பெட்டியிலிருந்து பாட்டு வரும். மகள் போனில் சொல்லச் சொல்ல நான்தான் இதையெல்லாம் அமைத்தேன். பாதி அவள் சொன்னபடி, பாதி மில்லில் நான் பழகியபடி. கேசட்டுகளில் அதற்குள் பூஞ்சை ஏறியிருந்தது. எல்லாம்தான் பெட்டிக்குள் வந்துவிட்டதே என்று தூக்கிப் போட்டேன். இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள் என்று மகள் சொன்னாள். எடுக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. காலில் கொஞ்சம் பலம் திரும்பி, இப்போது கம்பை ஊன்றி நடக்கிறாள். பேச்சு திரும்பவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, வாயில் வார்த்தை மட்டும் வரவில்லை. அவளிடம் மிஞ்சியது மூன்று வார்த்தை. ஆமா. அது. போ. இந்த மூன்றை வைத்துத்தான் அவள் பசியையும் கோபத்தையும் ஊர் நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எங்கள் தெருவில் வாயே திறக்காதவர்கள் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலையில், சும்மா இருக்கட்டும் என்று அந்தக் கேசட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிந்தது. “நேயர்களே” என்று அவளுடைய பழைய குரல் வந்தது. கட்டிலில் இருந்தவளும் கூடவே, “நேயர்களே, இப்போது நேரம் காலை ஆறு மணி பதினைந்து நிமிடம்” என்றாள். முழு வாக்கியம். நான் கையிலிருந்த காப்பியைக் கொட்டிவிட்டேன். பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம் ஓடிச் சொன்னேன். மனப்பாடமாகப் பதிந்த பேச்சும் பாட்டும் மூளையில் வேறு வழியாக வரும், அதை விடாதீர்கள், தினமும் அதே நேரத்தில் அதே வரிசையில் போடுங்கள், இடைவெளி மட்டும் விடாதீர்கள் என்றார்.

அதிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். காலையில் காப்பி குடித்ததும் அவளே இடது கையால் பொத்தானை அமுக்குவாள். நாற்பது நிமிடம் தன் குரலோடு தானே பேசுவாள், பாடுவாள். எதிர் வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சிப்பாய் இருக்கிறார், எங்கள் ஊரில் சொல்தா என்போம். “இன்னா சார், உங்க வூட்டு ஸ்டேஷன்ல எட்டு மணிக்கு ஆறேகால்னு சொல்றாங்க, நான் கெடியாரத்த மாத்தட்டுமா?” என்று கிண்டல் செய்வார். போன மாதம் ஒருநாள், டேப் ஓடாத நேரத்தில், காப்பி டம்ளரை என் பக்கம் நீட்டி, “நேயர்களே” என்றாள். காப்பி ஆறிப்போச்சு என்று அர்த்தம். நான்காவது வார்த்தை வந்துவிட்டது. அன்றைக்கு நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் இணையக் கம்பெனியை மாற்றினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பழைய கம்பெனியின் வயர், வாய்க்காலுக்கு மண் தோண்டும்போதெல்லாம் அறுந்துகொண்டிருந்தது. புதுக் கம்பெனிக்காரர் வாசலில் நின்று, வேகம் இரண்டு மடங்கு, வயர் அறுந்தால் அன்றைக்கே ஆள் என்றார். மாற்றுவதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். ஒரு வயரை மாற்றுவதற்குப் பெங்களூரில் அனுமதி வாங்க வேண்டுமா என்று நினைத்து நான் அவளிடம் சொல்லவில்லை.

லைன்மேன் பதினொரு மணிக்கு வந்தார், பன்னிரண்டுக்குள் முடித்தார். வேலைக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன். புது ரவுட்டரைச் சுவரில் மாட்டினார். என் போன், டிவி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் புது வைஃபையில் சேர்த்தார். கறுப்புப் பெட்டியின் வயரையும் புது ரவுட்டரில் செருகினார். “எல்லாம் ஓகே சார், லைட்டு எரியுது பாருங்க” என்றார். எரிந்தது. பழைய ரவுட்டரைப் பழைய கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை அவள் பொத்தானை அமுக்கினாள். ஸ்பீக்கருக்குள்ளிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரி, பாட்டு இருக்கும் இடம் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள். மனைவி மறுபடி அமுக்கினாள். வெள்ளைக்காரி மறுபடி சொன்னாள். என் மனைவியின் குரல் வரவேண்டிய இடத்தில் அந்தக் குரல் வந்ததைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பதிந்துவைத்த குரல் சொன்னது. இருபது நிமிடம் அதையே சொன்னது. அப்புறம் ஒரு பெண் வந்தார். “உங்க நெட் வேலை செய்யுதுங்களா சார்?” என்றார். செய்கிறது என்றேன். “அப்ப எங்க சைடுல பிரச்சனை இல்லீங்க சார்” என்றார். நேற்றுவரை இருந்த பாட்டு உங்கள் வயர் வந்ததும் ஏன் போனது என்று கேட்டேன். பாட்டுதானே, போனிலேயே கேட்கலாமே என்றார். நான் மனைவியின் நோயைச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருத்தரிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. “புரியுதுங்க சார், புகார் பதிவு பண்ணிட்டேன்” என்றார். அரை மணியில் எனக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் கொடுங்கள்.

யாரும் வரவில்லை, ஒருவரும் எதையும் தொடவில்லை, புகார் மட்டும் தீர்ந்துவிட்டது. மில்லில் ஒரு பேரிங் இல்லை என்று தறிக்காரர் வந்து நின்றால், கொடுத்தேன் என்று எழுதிவிட்டு வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அனுப்பினால் யூனியன் என்னைக் கேட்டில் தொங்கவிட்டிருக்கும். மறுபடி போன் செய்தேன். மறுபடி புகார். மறுபடி தீர்க்கப்பட்டது. நான்கு நாளில் என் புகாரை ஐந்து தடவை தீர்த்தார்கள்.

ஐந்தாம் நாள் நேராக ஆபீசுக்கே போய்ச் சத்தம் போட்டேன். அதற்குப் பலனாக இன்னொரு ஆள் வீட்டுக்கு வந்தார். கறுப்புப் பெட்டியை முன்னும் பின்னும் பார்த்தார். பின்பக்கம் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. “ரீசெட் அடிச்சா வந்துடும் சார்” என்று சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

“அடிச்சா உள்ள இருக்கறது இருக்குமா?”

“சில பொட்டில இருக்கும், சிலதுல போயிடும். பாட்டுதான சார், மறுபடி ஏத்திக்கலாம்.”

பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் ஒரு மனிதன் அப்படி நிற்பது பார்க்க நன்றாக இருந்திருக்காது. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், புகார் தீர்ந்ததாகச் செய்தி வந்தது. மறுநாள் ரிப்பேர் கடைக்குப் போனேன். பெட்டியை விட்டுவிட்டுப் போங்கள், திறந்து பார்க்கிறோம், போனால் போனதுதான், இப்போதே சொல்லிவிட்டேன் என்றார் கடைக்காரர். அங்கேயும் விடாமல், மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்தே, கம்பை ஊன்றி அலமாரிக்கு வந்து, பெட்டியை இடது கையால் தட்டுவாள். என்னைப் பார்த்து, “அது” என்பாள். பாட்டு வேண்டும் என்கிறாள் என்று நினைத்து, “வந்துடும்மா, போன் போட்டிருக்கேன்” என்பேன். அவள் தலையை ஆட்டுவாள். இல்லை என்று ஆட்டுவாள். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பாள். ஒரு கையால் முடியாது. கீழே போட்டுவிடப் போகிறாளே என்று நான் அவள் கையை எடுத்துவிடுவேன். “அது, அது, அது” என்பாள். இரண்டாம் நாளும் இதே. மூன்றாம் நாளும் இதே. அன்றைக்குச் சொல்தா வாசலில் நின்று, “டீச்சரம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா, சத்தமே காணோமே?” என்று கேட்டார். இந்தத் தடவை கிண்டலாகக் கேட்கவில்லை.

ரிப்பேர் கடையிலிருந்து நான் வந்து பெட்டியை அலமாரியில் வைத்ததும், அவள் மறுபடி வந்து தட்டினாள். “அது.” வெயிலில் அலைந்து வந்தவன் நான். பார்த்தவர்களிடமெல்லாம் கெஞ்சி, கத்தி, அவமானப்பட்டு வந்தவன். “பாட்டு இல்லடி. போச்சு. செத்துப்போச்சு. எத்தன தடவ சொல்றது உனக்கு?” என்று கத்திவிட்டேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மெல்ல நடந்து போய் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஆமாவும் வரவில்லை, போவும் வரவில்லை. இருந்த நான்கு வார்த்தையையும் நான் வாங்கிக்கொண்டுவிட்டேன் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் அழுதேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் நாள் மதியம் மகளுக்குப் போன் செய்தேன். அதுவரை தினமும் அவள் கேட்கும்போது எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று புளுகிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் மாற்றியதை ஒப்புக்கொள்ள வெட்கம். வெட்கம் என்று மரியாதையாகச் சொல்கிறேன், அது வெறும் திமிர். அவள் முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அப்பா, பொட்டிக்கு ஒன்னும் ஆவல. பாட்டு எல்லாம் உள்ளதான் இருக்கும். அதுக்கு நீங்க ஒரு நெலையான நம்பர் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?”

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

எங்கள் மில் ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் நிரந்தரமாக ஒரு இடம் உண்டு. ராக்கு நம்பர், அறை நம்பர். அந்தச் சாமான் தீர்ந்துபோனாலும் அதன் அறையில் வேறொன்றை வைக்கக் கூடாது. மேனேஜரே வந்தாலும் மாற்ற விடமாட்டேன். பெட்டியை முதலில் அமைத்த நாளில், ரவுட்டரே வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தானாக ஒரு நம்பர் கொடுத்துக்கொள்ளும், அப்படியே விட்டுவிடுங்கள் என்று மகள் சொன்னாள். “இன்னைக்கி ஒரு நம்பரு, நாளைக்கி ஒரு நம்பரா? அப்பறம் சாமான எங்க போய்த் தேடறது?” என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பெட்டிக்கு நிலையான நம்பர் கொடுத்ததோடு நிற்காமல், ரவுட்டரின் நம்பரையும் என் மில் ராக்கு ஒன்றின் நம்பருக்கு மாற்றிவைத்தேன். எந்த ராக்கு என்பது இப்போது எனக்கு நினைவில்லை.

“ஒவ்வொரு ரவுட்டரும் வீட்டுக்குள்ள ஒரு தெரு மாதிரிப்பா” என்றாள் மகள். “பழைய ரவுட்டரோட அந்தத் தெரு போயிடுச்சி. உங்க பொட்டி மட்டும் அந்தத் தெருவுல, அதே கதவு நம்பர்ல ஆணி அடிச்ச மாதிரி உக்காந்துகிட்டு இருக்கு. புது ரவுட்டருக்குப் பழைய தெரு நம்பர குடுத்தா போதும், வந்துடும். இன்னா நம்பர்ப்பா போட்டீங்க?”

“மறந்துட்டேம்மா.”

“எழுதி வெக்கலியா? நீங்களா?”

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குச் சுருக்கென்று குத்தியது. எட்டு நாளாக ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். வயரைப் போட்டவன் தப்பு, போன் எடுத்தவள் தப்பு, ஊசி வைத்திருந்தவன் தப்பு. அவர்கள் என்னை மதிக்காதது தப்புதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பாட்டைத் தொலைத்தது நானும் என் நிலையான நம்பரும்தான்.

மகள் சொல்லச் சொல்ல ரவுட்டரின் உள்பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். நினைவுக்கு வந்த ராக்கு நம்பரையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பேரிங் ராக்கு. பெல்ட்டு ராக்கு. பாபின் ராக்கு. ஒவ்வொரு நம்பருக்கும் ரவுட்டர் அணைந்து எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு தடவையும் வெள்ளைக்காரி கிடைக்கவில்லை என்றாள். ஸ்டோர்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மனசுக்குள் நடந்து பார்த்துவிட்டேன். “விடுங்கப்பா, சனிக்கெழம நானே வர்றேன்” என்றாள் மகள்.

பின்னால் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. மனைவி எழுந்து வந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கம்பை அலமாரியில் சாய்த்துவிட்டு, இடது கையை நீட்டி, பெட்டியை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அது அலமாரியின் விளிம்பைத் தாண்டியது. நான் போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தேன். பெட்டி என் கையில் தலைகீழாகக் கிடந்தது.

அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கரும்பலகையில் எழுதுவதுபோல் உருண்டை உருண்டையான எழுத்து. அவள் கையெழுத்து. ராக்கு 47, அறை 12. அதற்குக் கீழே முழு நம்பரும் இருந்தது.

எல்லாம் திரும்பி வந்தது. ஸ்டோர்ஸில் சீட்டை மேலே ஒட்ட மாட்டோம். எண்ணெய்க் கை பட்டு எழுத்து அழிந்துவிடும் என்று சாமானுக்கு அடியில்தான் ஒட்டுவோம். அன்றைக்கும் அந்தப் பழக்கத்தில்தான், என் கிறுக்கல் எழுத்து வேண்டாம் என்று அவளை எழுதச்சொல்லி, அடியில் ஒட்டினேன். எந்த ராக்கு நம்பர் போடலாம் என்றும் அவளிடம்தான் கேட்டேன். “இதுல இருக்கறது என்னோட சாமான். என் டிபன் கேரியர வெப்பீங்களே, அந்த ராக்கு நம்பர போடுங்க” என்றாள். 47இல் எந்த மெஷின் பாகமும் கிடையாது. வேலைக்குப் போனதும் நான் குடையையும் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டையும் வைக்கும் ராக்கு அது. இன்று ஸ்டோர்ஸ் முழுவதையும் தேடிய நான் அங்கே மட்டும் போகவில்லை. கம்பெனி ஆளிடமிருந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேனே, அப்போது அந்தச் சீட்டு என் சட்டைப் பொத்தானில் உரசிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

கீழே கிடந்த போனில் மகள், “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எடுத்து நம்பரைச் சொன்னேன். போட்டோம். ரவுட்டர் அணைந்து எழுந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். வெள்ளைக்காரி வரவில்லை. கேசட்டின் இரைச்சல் வந்தது. அப்புறம் அவள் வந்தாள். “நேயர்களே, இப்போது நேரம் காலை ஆறு மணி பதினைந்து நிமிடம்.” மதியம் மூன்றரை மணி. எதிர் வீட்டில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் கூடவே பேசுவாள் என்று காத்திருந்தேன். வாய் திறக்கவில்லை. முதல் பாட்டு போனது. இரண்டாவது அறிவிப்பும் போனது. உதட்டை இறுக்கிக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவெளி விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது அறிவிப்பில் அவள் உதடு அசைந்தது. “நேயர்களே” என்று மட்டும் வந்தது. மீதியை டேப்பே சொன்னது. அந்த ஒன்று எனக்குப் போதும் என்று இருந்தது.

சனிக்கிழமை மகள் வந்து இரண்டு காப்பி எடுத்தாள். ஒன்றைத் தன்னோடு கொண்டுபோனாள்.

அதற்கு முன்னால், அந்த மதியமே, என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள். போனைச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது. கை ஓங்கியபோது மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்திய நாள்வரை அவளும் ஒரு புகாரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஒரே வார்த்தையில், ஒரே இடத்தைத் தட்டித் தட்டிச் சொன்னாள். வந்துடும்மா, போன் போட்டிருக்கேன் என்று நானும் தினமும் அதைத் தீர்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியை அவளுக்குக் காட்டினேன். “அவங்க கெடக்கட்டும். எனக்கு எத்தன மார்க் போடுவ?” என்று கேட்டேன்.

டீச்சர் இடது கையில் ஒரு விரலை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அதையும் மடக்கிக்கொண்டாள்.